வீட்டுக்குள் ஓர் அலுவலகம், அதற்கொரு கணக்கு

(டாலஸ் வட்டாரத்தில் வீடு விற்பனைத் தொழிலில் இருக்கும் தமிழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் இருக்கும் பலரும் வேறு வேலை பார்த்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள். சிலர் மென்பொருள் நிறுவனத்தில் சம்பளம் வாங்கியவர்கள். எச்-4 விசாவில் வந்து, வேலை அனுமதி கிடைத்ததும் படித்துத் தேர்வெழுதி லைசென்ஸ் எடுத்த சகோதரிகளும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். சம்பளத்தில் இருந்தவரை நம் வரியை நிறுவனம் பிடித்துக் கட்டிவிடும். ஏப்ரல் மாதத்தில் நமக்கிருந்த ஒரே கேள்வி, ரீஃபண்ட் எவ்வளவு வரும் என்பதுதான். ஏஜென்டாக முதல் வீட்டை முடித்துக்கொடுத்துக் கமிஷன் காசோலையை வாங்கும்போதும் அதே நினைப்பு மனதில் இருக்கிறது. அந்தக் காசோலையில் ஒரு டாலர்கூடப் பிடித்தம் இல்லை. வந்த பணம் காரின் டவுன் பேமென்ட்டுக்கும் ஊருக்குப் போகும் டிக்கெட்டுக்கும் போய்விடுகிறது. ஜனவரி முடிவதற்குள் புரோக்கர் அனுப்பும் 1099-என்இசி படிவம் வீட்டுக்கு வருகிறது. அப்போதுதான் பலர் என்னைப் போன்ற வரிக் கணக்காளரைத் தேடி வருகிறீர்கள்.

இன்று வீட்டு அலுவலகக் கழிவைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். இதை ஆயிரம், ஆயிரத்தைந்நூறு டாலர் சலுகையாக மட்டும் பார்க்க வேண்டாம் என்பதுதான் நான் சொல்ல வந்தது. அந்த அறை உங்கள் தொழில் நடக்கும் இடம். சட்டம் கேட்கிறபடி அது உண்மையாக இருந்தால், உங்கள் கார் ஓட்டக் கணக்குவரை அதன்மேல் நிற்கும். பேருக்கு ஒரு மேசையைக் காட்டி எழுதியிருந்தால், விசாரணை வருகிற அன்று மற்றதெல்லாம் சேர்ந்து ஆட்டம் காணும்.

முதலில், சட்டத்தின் கண்ணில் நீங்கள் யார் என்று பார்ப்போம். டெக்சாஸில் ஒரு ஏஜென்ட் தனியாகத் தொழில் செய்ய முடியாது. ஒரு புரோக்கரின் பொறுப்பில்தான் இருக்க வேண்டும். உங்கள் வேலைக்கு அவர்தான் ரியல் எஸ்டேட் ஆணையத்திடம் பதில் சொல்கிறார். இப்படி ஒருவர் இன்னொருவரைக் கண்காணித்தால், பொதுவான விதிப்படி கண்காணிக்கப்படுபவர் ஊழியர்தானே என்ற கேள்வி எழும். 1982-ல் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கு ஒரு தனிச் சட்டப்பிரிவு கொண்டுவந்தது. வருமான வரிச் சட்டத்தின் 3508-ஆம் பிரிவு அது. லைசென்ஸ் இருக்க வேண்டும். வருமானம் ஏறக்குறைய முழுவதும் விற்பனையைப் பொறுத்து வர வேண்டும், வேலை பார்த்த மணிக்கணக்கைப் பொறுத்து வரக்கூடாது. வரி விஷயத்தில் இவர் ஊழியராகக் கருதப்பட மாட்டார் என்று எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் ஃபெடரல் வரிக்கு நீங்கள் சுயதொழில் செய்பவர். புரோக்கரோடு கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை வீட்டில் தேடி எடுத்து அந்த வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சுயதொழில் என்றால் ஷெட்யூல் சி. வரவும் செலவும் அதில் ஏறும். மிஞ்சுகிற லாபத்துக்கு வருமான வரி மட்டும் போதாது, சுயதொழில் வரியும் உண்டு. சம்பளக்காரருக்குச் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் இரண்டிலும் பாதியை முதலாளி கட்டுகிறார். இங்கே இரண்டு பாதியும் நம்முடையது. லாபத்தின் 92.35 சதவீதத்தில் 15.3 சதவீதம். செலவெல்லாம் போக 60,000 டாலர் மிஞ்சியிருந்தால் இந்த வரி மட்டும் சுமார் 8,478 டாலர். அதில் பாதியை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்றாலும் தொகையைக் கட்டித்தான் ஆக வேண்டும். டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது என்ற நிம்மதியில் இருப்பவர்களை மலைக்க வைக்கும் எண் இது. வீட்டு அலுவலகக் கழிவுக்கு மதிப்பு வருவதும் இங்கேதான். அது ஷெட்யூல் சி-யில் லாபத்தைக் குறைப்பதால் வருமான வரி, சுயதொழில் வரி இரண்டுமே குறைகின்றன.

இந்தக் கழிவுக்கு ஒரு வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் விதிகள் தானாகப் புரியும். 1976-க்கு முன் வீட்டில் வேலை பார்த்தேன் என்று சொல்லிக் கழிவு கேட்பது எளிது. அது கைமீறிப் போகவே 280ஏ என்ற பிரிவு வந்தது. வீட்டின் ஒரு பகுதி தொழிலுக்கு மட்டுமே, முறையாக, தொடர்ந்து பயன்பட வேண்டும். அதுவே தொழிலின் தலைமை இடமாக இருக்க வேண்டும் என்றது அது. தலைமை இடம் எது என்பதில்தான் சிக்கல் வந்தது.

நாடர் சொலிமான் என்று ஒரு மருத்துவர், மயக்க மருந்து நிபுணர். மேரிலாந்திலும் வர்ஜீனியாவிலும் மூன்று மருத்துவமனைகளில் வாரத்துக்கு 30 முதல் 35 மணி நேரம் வேலை பார்த்தார். எந்த மருத்துவமனையும் அவருக்கு அலுவலகம் தரவில்லை. மெக்லீன் ஊரில் இருந்த தன் அடுக்குமாடி வீட்டில் ஒரு படுக்கையறையை அலுவலகமாக வைத்துக்கொண்டார். நாளுக்கு இரண்டு, மூன்று மணி நேரம் அங்கே உட்கார்ந்து பில் எழுதினார், அறுவை மருத்துவர்களையும் நோயாளிகளையும் தொலைபேசியில் அழைத்தார், மருத்துவ இதழ்களைப் படித்தார். 1983-ஆம் ஆண்டு ரிட்டர்னில் அந்த அறைக்குக் கழிவு கேட்டார். ஐஆர்எஸ் மறுத்தது. வரி நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது, மேல்முறையீட்டிலும் அவரே வென்றார். ஆனால் 1993 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. எந்த இடத்தில் செய்யும் வேலை முக்கியமானது, எங்கே அதிக நேரம் செலவாகிறது என்ற இரண்டையும் பார்க்க வேண்டும்; அப்படிப் பார்த்தால் அவருடைய வீடு தலைமை இடம் அல்ல என்றது. ஸ்டீவன்ஸ் என்ற ஒரே நீதிபதி மட்டும் மாறுபட்டார். நான் அவர் பக்கம். மூன்று இடத்தில் வேலை செய்பவருக்கு எங்குமே ஒரு மேசை இல்லையென்றால், சொந்தச் செலவில் மேசை போட்ட இடத்தை அலுவலகம் இல்லை என்று சொல்வது நியாயமில்லை.

நம் தொழிலை அந்தத் தீர்ப்பில் பொருத்திப் பாருங்கள். ஒரு ஏஜென்டின் முக்கியமான வேலை எங்கே நடக்கிறது? வாங்குபவரோடு வீடு வீடாகப் போவதில், ஓபன் ஹவுஸில், இன்ஸ்பெக்‌ஷனில், டைட்டில் கம்பெனி மேசையில். அதாவது மற்றவர்களுடைய இடங்களில். அந்தக் கணக்குப்படி நமக்குத் தலைமை இடம் என்று எதுவுமே மிஞ்சாது. நல்ல வேளையாக 1997-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 1999-ஆம் வரியாண்டிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. தொழிலின் நிர்வாக வேலைகளை வீட்டு அலுவலகத்தில் செய்து, அவற்றைக் கணிசமாகச் செய்யும் வேறு நிலையான இடம் இல்லாவிட்டால், வீட்டு அலுவலகமே தலைமை இடம். வெளியில் எத்தனை மணி நேரம் சுற்றினாலும் பாதகமில்லை.

இங்கே பலருக்கு ஒரு சந்தேகம் வரும். புரோக்கர் அலுவலகத்தில் எனக்கு ஒரு மேசை இருக்கிறதே, அதனால் கழிவு போய்விடுமா? போகாது. வசதி இருந்தும் நீங்கள் வீட்டில் செய்வதைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதை ஐஆர்எஸ்ஸே ஏற்கிறது. கவனிக்க வேண்டியது, உண்மையில் எங்கே செய்கிறீர்கள் என்பது. லிஸ்டிங் விவரங்களை எழுதுவது, ஒப்பந்தங்களைத் தயாரிப்பது, விலை ஒப்பீடு போடுவது, செலவுக் கணக்கு எழுதுவது எல்லாம் வீட்டில் நடக்கட்டும். புரோக்கர் அலுவலகத்துக்கு வாரக் கூட்டத்துக்கும் வாடிக்கையாளரைச் சந்திக்கவும் போனால் போதும்.

அடுத்து, நம் வீடுகளில் தவறிப்போகும் இடம். தொழிலுக்கு மட்டுமே என்ற நிபந்தனை. சாப்பாட்டு மேசையில் லேப்டாப் வைத்து வேலை பார்த்தால், இரவு அங்கேயே பிள்ளைகள் சாப்பிடுவார்கள் என்பதால் கழிவு இல்லை. தனி அறை கட்டாயமில்லை, நிலையான தடுப்புச் சுவரும் வேண்டாம். ஒரு மூலை போதும். ஆனால் அந்த மூலை வேறு எதற்கும் பயன்படக்கூடாது.

நம் வீடுகளைப் பற்றித் திறந்து பேசுகிறேன். அம்மா, அப்பா ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்குவார்கள். எந்த அறையில்? கீழ்த்தளத்தில் இருக்கும் அந்த அலுவலக அறையில்தான், மாடி ஏற முட்டி வலிக்கும் என்று. அவர்கள் வந்து தங்குவது நமக்குப் பாக்கியம். ஆனால் கட்டில் போட்ட அறைக்கு அந்த ஆறு மாதமும் கழிவு எழுதக்கூடாது. முன்பே யோசித்து, மேசையை மாடியில் வேறொரு மூலைக்கு நகர்த்தி, அந்த மூலையை அளந்து எழுதுங்கள். நவராத்திரிக்குக் கொலு வைக்கும் இடமும் அலுவலகமாக இருக்கக்கூடாது.

இன்னொன்று இதைவிடப் பரவலானது. கணவர் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டபிள்யூ-2 ஊழியர், வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை. ஒரே அறை, ஒரே பெரிய மேசை, அவருடைய இரண்டு மானிட்டர்களும் மனைவியின் எம்எல்எஸ் திரையும் பக்கத்தில் பக்கத்தில். ஊழியர்களுக்கான வீட்டு அலுவலகக் கழிவு 2018 முதல் இல்லை, 2025-ல் வந்த சட்டம் அதை நிரந்தரமாக்கிவிட்டது. ஆகவே அவர் அந்த இடத்தைப் பயன்படுத்தும் நேரம் கழிவுக்குத் தகுதியில்லாத பயன்பாடு. மனைவியின் கழிவும் அதனால் அடிபடும். தீர்வு எளிது. மேசைகளைப் பிரியுங்கள். மனைவியின் மேசை, அலமாரி, பிரிண்டர், அறிவிப்புப் பலகைகள் இருக்கும் பகுதியை டேப் வைத்து அளந்து, அந்தச் சதுர அடியை மட்டும் எழுதுங்கள். நான்கு பக்கமும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

இனி தொகை. இரண்டு வழி உண்டு. 2013-லிருந்து வந்த எளிய வழியில் சதுர அடிக்கு 5 டாலர், 300 சதுர அடி வரை, அதாவது அதிகபட்சம் 1,500 டாலர். பில்கள் வேண்டாம். மற்றது உண்மைச் செலவு வழி, ஃபார்ம் 8829. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வீடு 2,400 சதுர அடி, அறை 200. பன்னிரண்டில் ஒரு பங்கு. எளிய வழியில் 1,000 டாலர். உண்மைச் செலவில், வீட்டுக்கடன் வட்டி 14,000, சொத்து வரி 9,000, காப்பீடு 3,000, மின்சாரம், எரிவாயு, தண்ணீர் 4,000 என்றால் மொத்தம் 30,000. அதில் நம் பங்கு 2,500. நிலத்தின் மதிப்பை நீக்கிவிட்டுக் கட்டடம் 3,60,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் அறையின் பங்கு 30,000. அதை 39 ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்குச் சுமார் 769 டாலர் தேய்மானம். இரண்டும் சேர்ந்து 3,269. சொத்து வரி இவ்வளவு உயர்ந்த டெக்சாஸில் உண்மைச் செலவு வழி பல நேரம் முந்திவிடும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் இதே பங்கு வாடகையில் கிடைக்கும். இது சொந்த வீட்டுக்காரருக்குத்தான் என்று பலர் விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள்.

தேய்மானத்துக்குப் பின்னால் ஒரு கடன் நிற்கிறது. வீட்டை விற்கும்போது தம்பதிக்கு 5,00,000 டாலர் வரை லாபத்துக்கு வரி விலக்கு உண்டு என்பதை நீங்களே வாடிக்கையாளர்களுக்குச் சொல்வீர்கள். நீங்கள் எடுத்த தேய்மானத்துக்கு அந்த விலக்கு பொருந்தாது. அந்தத் தொகைக்கு அதிகபட்சம் 25 சதவீதம் வரை வரி வரும். உண்மைச் செலவு வழியில் போய்த் தேய்மானத்தை எழுதாமல் விட்டாலும் எழுதியதாகவே கணக்கில் கொள்வார்கள். அதனால் இந்த வழியில் போகிறவர் அதை எழுதிவிடுவதே முறை. எளிய வழியில் தேய்மானமே இல்லை, விற்கும்போது தொல்லையும் இல்லை. இரண்டு மூன்று ஆண்டில் வீட்டை மாற்றப் போகிறவர்களுக்கு நான் எளிய வழியைத்தான் சொல்வேன். தொழிலில் லாபமே இல்லாத ஆண்டில் மட்டும் யோசியுங்கள். கழிவு லாபத்தைத் தாண்ட முடியாது. உண்மைச் செலவு வழியில் மிச்சம் அடுத்த ஆண்டுக்குப் போகும், எளிய வழியில் அது அப்படியே போய்விடும்.

இப்போது காருக்கு வருகிறேன். இங்கேதான் அந்த அறையின் முழுப் பயன் தெரியும். வீட்டிலிருந்து வழக்கமான வேலையிடத்துக்குப் போவது சொந்தப் பயணம், கழிவு கிடையாது. வீட்டு அலுவலகம் இல்லாத ஏஜென்ட் புரோக்கர் அலுவலகத்துக்கு ஓட்டிப்போகும் மைல்கள் அப்படித்தான். வீடே தலைமை இடம் என்றாகிவிட்டால், அங்கிருந்து புரோக்கர் அலுவலகத்துக்குப் போவது ஒரு தொழிலிடத்திலிருந்து இன்னொரு தொழிலிடத்துக்குப் போவது. ஃபிரிஸ்கோவில் வீடு, 18 மைல் தள்ளி அலுவலகம், வாரம் இரண்டு நாள், ஆண்டுக்கு 48 வாரம் என்றால் போய்வர 3,456 மைல். 2025-க்கு மைலுக்கு 70 சென்ட். 2,419 டாலர். சற்று முன் பார்த்த எளிய வழிக் கழிவைப்போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு, அலுவலகம் போய்வரும் மைல்களில் மட்டும். வீடு காட்டப் போகும் மைல்கள் தனி.

அதற்கு மைல் குறிப்பேடு வேண்டும். தேதி, எங்கே போனேன், எதற்காக, எத்தனை மைல். அன்றன்றைக்கு எழுதியது. மார்ச் மாதம் காலண்டரைப் புரட்டி ஆண்டு முழுவதையும் நிரப்பினால் அது பார்த்தவுடன் தெரியும். ஒவ்வொரு பதிவும் பத்தால் வகுபடும் எண்ணாக இருக்கும். வரி நீதிமன்றத்தில் அப்படிப்பட்ட குறிப்பேடுகள் நிற்பதில்லை. கைப்பேசியில் இதற்கென்று செயலிகள் இருக்கின்றன, ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு எச்சரிக்கை. சொந்தக் காருக்கு, மைலுக்கு இவ்வளவு என்று கழிக்கும் இந்த மைல் வழியைப் பின்னால் எடுக்க வேண்டுமானால், அந்தக் காரைத் தொழிலில் இறக்கிய முதல் ஆண்டிலேயே மைல் வழியில் தொடங்கியிருக்க வேண்டும்.

மற்ற செலவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எம்எல்எஸ் கட்டணம், லாக்பாக்ஸ் கட்டணம், தொழில் பொறுப்புக் காப்பீடு, விளம்பரப் பலகை, புகைப்படக்காரருக்குக் கொடுத்தது, லைசென்ஸைப் புதுப்பிக்கும் வகுப்பு எல்லாம் ஏறும். முதல் லைசென்ஸுக்காகப் படித்த வகுப்புக் கட்டணம் தொழில் செலவாகாது, அது புதிய தொழிலுக்கான படிப்பு. ரியல்டர் சங்கச் சந்தாவில் அரசியல் பரப்புரைக்குப் போகும் பங்கு கழியாது. சந்தா ரசீதிலேயே அது எவ்வளவு என்று போட்டிருக்கும். புது வீட்டுக்குப் பால் காய்ச்சும் வாடிக்கையாளருக்கு 200 டாலருக்கு வெள்ளிக் குத்துவிளக்கு வாங்கிக்கொடுக்கும் நல்ல வழக்கம் நம்மிடம் உண்டு. மனதாரக் கொடுங்கள். ஆனால் பரிசுக் கழிவு ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 25 டாலர்தான். 1962-ல் வைத்த வரம்பை இன்னும் உயர்த்தவில்லை. இவ்வளவு காலத்துக்குப் பிறகும் அதைத் தொடாமல் வைத்திருப்பது சரியில்லை என்பது என் கருத்து.

பயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டு அலுவலகம் எழுதினால் ஐஆர்எஸ் கதவைத் தட்டும் என்று நண்பர்கள் சொல்லி, தகுதியிருந்தும் விட்டுவிடுபவர்களைப் பார்க்கிறேன். குறிப்பாக விசாவில் இருப்பவர்கள், கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர்கள். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. சட்டம் கொடுத்ததைச் சட்டப்படி கேட்பதில் குற்றம் எதுவும் இல்லை. அளவும் படமும் ரசீதும் இருந்தால், கடிதம் வந்தாலும் பதில் கையில் இருக்கிறது. பயப்பட வேண்டியது எதிர்ப்பக்கம். 200 சதுர அடியை 500 என்று எழுதச் சொல்லும் ரிட்டர்ன் தயாரிப்பாளரிடம் போகாதீர்கள். விசாரணையில் தோற்றால் வரியோடு 20 சதவீத அபராதமும் வட்டியும் வரும், கையெழுத்துப் போட்ட நீங்கள்தான் பொறுப்பு.

கடைசியாக, பணத்தைக் கட்டும் நேரம். பிடித்தம் இல்லாதவர்கள் ஆண்டுக்கு நான்கு முறை மதிப்பீட்டு வரி கட்ட வேண்டும். ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, அடுத்த ஜனவரி 15. இந்த ஆண்டு வரியில் 90 சதவீதமோ, சென்ற ஆண்டு வரி முழுவதுமோ கட்டியிருந்தால் குறைகட்டல் அபராதம் இல்லை. சென்ற ஆண்டு வருமானம் 1,50,000 டாலரைத் தாண்டியிருந்தால் சென்ற ஆண்டு வரியில் 110 சதவீதம். கமிஷன் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, வசந்த காலத்தில் மூன்று க்ளோசிங், பிறகு நவம்பர் வரை ஒன்றுமில்லை. அதனால் சென்ற ஆண்டு வரியை அளவுகோலாக வைப்பதே நிம்மதி. கணவன் அல்லது மனைவி சம்பளத்தில் இருந்து, நீங்கள் சேர்ந்து ஃபைல் செய்தால், இன்னும் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. அவர் தன் டபிள்யூ-4 படிவத்தில் ஒவ்வொரு சம்பளத்திலும் கூடுதலாக இவ்வளவு பிடியுங்கள் என்று எழுதிக் கொடுக்கலாம். சம்பளப் பிடித்தம் எந்த மாதம் நடந்தாலும் ஆண்டு முழுவதும் சமமாகக் கட்டியதாகவே ஏற்பார்கள். அக்டோபரில் பெரிய கமிஷன் வந்தால்கூட, நவம்பர், டிசம்பர் சம்பளத்தில் பிடித்தத்தைக் கூட்டிச் சரிக்கட்டிவிடலாம்.

ஏப்ரல் 15-க்குள் கணக்கு தயாராகாவிட்டால் ஃபார்ம் 4868 கொடுத்து அக்டோபர் 15 வரை தவணை வாங்கலாம். அந்தத் தவணை ரிட்டர்னைக் கொடுப்பதற்கு மட்டும்தான், பணம் ஏப்ரலிலேயே போய்ச் சேர வேண்டும். கையில் முழுத் தொகை இல்லாவிட்டாலும் முடிந்ததைக் கட்டி, ரிட்டர்னையோ தவணை மனுவையோ உரிய நாளில் கொடுத்துவிடுங்கள். ரிட்டர்ன் கொடுக்காததற்கு மாதம் 5 சதவீதம் அபராதம், கொடுத்துவிட்டுப் பணம் பாக்கி வைத்தால் மாதம் அரை சதவீதம். பாக்கியைத் தவணையாகக் கட்ட ஐஆர்எஸ் தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். உங்கள் வீட்டு அறையைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டியவர்கள் வீட்டு வரைபடத்தைக் கைப்பேசியில் வைத்திருந்தால் முன்வரிசைக்கு வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன்.